பிள்ளைகள் கையில் அளவுகோலைக் கொடுங்கள்

(பெண்ணாடத்தில் சிறுவர் விஞ்ஞானக் கழகம் ஒன்று ஏற்படுத்துவது குறித்துக் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்.)



இந்த ஊரில் சிறுவர்களுக்கென்று ஒரு கழகம் ஏற்படுத்த வேண்டும் என்றும், அது என்ன காரியம் செய்ய வேண்டும் என்பது பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும் என்றும் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். சிறுவர் கழகம் என்றால் சாதாரணமாக என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு பிரசங்கத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லி, மேடையில் ஏற்றி, கைதட்டி, ஒரு சோப்புப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். அந்தப் பிரசங்கம் நமது கொள்கையைப் பற்றியதாகவே இருக்கட்டும். ஒரு பிள்ளை அர்த்தம் தெரியாமல் சுலோகத்தை ஒப்பிப்பதற்கும், மற்றொரு பிள்ளை அர்த்தம் தெரியாமல் நமது பேச்சை ஒப்பிப்பதற்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது? இரண்டு பிள்ளைகளும் பிறர் சொன்னதை நம்பியவர்கள்தாம். நாளைக்கு நம்மைவிட உரக்கப் பேசுகிறவன் ஒருவன் வந்தால், நமது பிள்ளை அவன் பின்னால் போய்விடும்.

ஆகவே, இந்தக் கழகத்துப் பிள்ளைகள் முதலாவதாகப் பேசப் பழக வேண்டாம் என்றும், அளக்கவும் எண்ணவும் கண்டதைக் கண்டபடி எழுதி வைக்கவும் பழகட்டும் என்றும் சொல்லுகிறோம்.

இந்த ஊரின் புராணம்

உங்கள் ஊருக்கே ஒரு புராணம் இருக்கிறது. தேவலோகத்துப் பெண்களும், காமதேனு என்னும் ஆவும், ஐராவதம் என்னும் கடமும் வந்து பூசை செய்தபடியால் "பெண் - ஆ - கடம்" என்று பெயர் வந்ததாம். இதையாவது கதை என்று விட்டுவிடலாம். பெரிய புராணத்தில் இவ்வூர்க்காரர் ஒருவர் வருகிறார். அவர் பெயர் கலிக்கம்ப நாயனார். அடியார்களுக்குக் கால் கழுவும்போது, முன்பு தங்கள் வீட்டில் வேலைக்காரனாக இருந்தவன் அடியார் வேடத்தில் வந்து நிற்பதைப் பார்த்து அவர் மனைவி தண்ணீர் வார்க்கச் சற்றுத் தயங்கினாள். உடனே அவள் கையை அவர் வெட்டிவிட்டார் என்பது கதை. வேலைக்காரனாக இருந்தவனுக்கும் சமமான மரியாதை செய்ய வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அது நமது கொள்கையே ஆகும். ஆனால் அதைச் சொல்லிக் காட்டுவதற்கு ஒரு பெண்ணின் கைதானா அகப்பட்டது? ஒரு நிமிஷம் நின்று யோசித்ததற்குக் கை போவதென்றால், அந்தக் கதையைக் கேட்டு வளரும் பெண்குழந்தை எதைத்தான் யோசிக்கத் துணியும்?

இந்தக் கழகத்தில் யோசிக்கிற பிள்ளைக்குத்தான் முதல் இடம் இருக்க வேண்டும். செய்து பார்க்கிற கைக்குத்தான் மரியாதை இருக்க வேண்டும். இனி என்னென்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

ஒரு கோலும் அதன் நிழலும்

முதலாவது, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோல் ஒன்றைச் சமமான தரையில் நடுங்கள். கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வாங்கித் தரை மட்டமாகவும் கோல் செங்குத்தாகவும் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். காலை பதினொன்றரை மணி முதல் ஒரு மணி வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் மணியை எழுதுங்கள். எந்தப் புள்ளியில் நிழல் மிகக் குறுகி இருக்கிறதோ அதுவே இந்த ஊரின் உச்சிப்பொழுது. அது பெரும்பாலும் பன்னிரண்டு மணியாக இருக்காது. நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டுக்குச் சற்று முன்னதாகவும், பிப்ரவரி நடுவில் ஏறக்குறைய 12 மணி 27 நிமிஷத்துக்கும் வரும். ஏனென்றால் நமது கடிகாரம் காட்டுவது இந்த ஊர் நேரமல்ல. அலகாபாத்துக்குப் பக்கமாகப் போகும் ஒரு ரேகையின் நேரமாகும். அதோடு, பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் வருஷம் முழுவதும் ஒரே அளவில் இல்லை; அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது.

இதைப் பிள்ளைகள் எழுதி வைத்த பிறகு, வீட்டில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். புதன்கிழமை ராகு காலம் பகல் 12 முதல் 1.30 வரை என்று அச்சடித்திருக்கும். பகலை எட்டுப் பங்காக்கி அதில் ஐந்தாவது பங்கு என்பதுதானே கணக்கு? அப்படியானால் அது உச்சிப்பொழுதில் அல்லவா தொடங்க வேண்டும்? பிப்ரவரி மாதத்துப் புதன்கிழமையில் நாட்காட்டிக்குப் பயந்து 12 மணிக்கு வேலையை நிறுத்தியவன், ராகு வருவதற்கு அரைமணி முன்னதாகவே நிறுத்திவிட்டான், 1.30 ஆயிற்று என்று துணிந்து புறப்பட்டவன் ராகுவின் வாய்க்குள்ளேயே போனான். ஒன்றும் கெடவில்லையே! இன்னொரு சங்கதி: 1906-ஆம் வருஷத்தில்தான் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று சர்க்கார் ஏற்பாடு செய்தது. அது சென்னை நேரத்தைவிட ஒன்பது நிமிஷம் முந்தியது. 1942 முதல் 1945 வரை யுத்தத்தை முன்னிட்டுக் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். சர்க்கார் உத்தரவுக்கு ராகுவும் கீழ்ப்படிந்து தன் நேரத்தை மாற்றிக் கொண்டானா? இந்தக் கேள்வியை நாம் மேடையில் கேட்டால் நாஸ்திகன் பேச்சு என்பார்கள். பத்து வயதுப் பிள்ளை தன் நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு கேட்டால் என்ன பதில் சொல்லுவார்கள்?

வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், உச்சிப்பொழுதில் அந்தக் கோலுக்கு நிழலே இராது. சூரியன் நேர் உச்சியில் நிற்பான். அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் உச்சிநிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஏப்ரலில் இங்கே நிழல் மறையும் அதே நாளில், சென்னையில் உள்ள ஒரு பிள்ளை அதே அளவுக் கோலை நட்டால் அங்கே உச்சிப்பொழுதில் 3 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். கன்னியாகுமரியில் சுமார் 6 சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். சென்னைக் கோலின் நிழலைக் கொண்டு கோணத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1.7 பாகை வரும். இரண்டு ஊருக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 185 கிலோமீட்டர். ஒரு முழு வட்டத்துக்கு 360 பாகையானால் பூமியின் சுற்றளவு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு நெருக்கமாக வரும். 2,200 வருஷங்களுக்கு முன் எரட்டோஸ்தனீஸ் என்பவர் எகிப்து தேசத்தில் இந்த வழியாகத்தான் பூமியை அளந்தார். பூமியைப் பாயாகச் சுருட்டிக் கடலுக்குள் ஒளித்து வைத்த கதையைக் கேட்ட பிள்ளை, அந்தப் பூமியைத் தன் கையாலேயே ஒரு குச்சியை வைத்து அளந்துவிட்டால், பிறகு அந்தக் கதைக்கு நாம் தனியாக மறுப்பு எழுத வேண்டியதில்லை.

தஞ்சைக் கோபுர நிழல்

இந்த நிழல் விஷயத்தோடு இன்னொன்றும் சேர்த்துக் கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று படித்தவர்கள்கூடச் சொல்லுகிறார்கள். உங்களுக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர் போனது. களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. முப்பது சென்டிமீட்டர் உயரமும் பதினைந்து சென்டிமீட்டர் அடிப்பக்கமும் உள்ளதாக ஒரு கூம்புக் கோபுரத்தைக் களிமண்ணால் செய்து, பக்கங்கள் நான்கு திசையையும் பார்க்கும்படி வெயிலில் வையுங்கள். சித்திரை மாதத்து நடுப்பகலில் நிழல் அடித்தளத்தைத் தாண்டாது. மார்கழி மாதத்து நடுப்பகலில் அடித்தளத்துக்கு வெளியே 13 சென்டிமீட்டர் போய் விழும். காலையிலும் மாலையிலும் எந்த மாதத்திலும் விழும். தஞ்சையிலும் அப்படியே விழுகிறது, போய்ப் பார்க்கலாம். 1010-ஆம் ஆண்டில் முடிந்த அந்தக் கட்டடத்தின் பெருமை, இருநூறு அடிக்கு மேல் கல்லை ஏற்றி அடுக்கிய தொழிலாளியின் கையில் இருக்கிறது. இல்லாத அற்புதத்தைச் சொல்லி, இருக்கிற உழைப்பை மறைப்பதற்குத்தான் இந்தப் புளுகு பயன்படுகிறது.

அந்தக் களிமண்ணிலேயே வேறொரு பரீட்சையும் உண்டு. வெள்ளாற்றங்கரை மண், ஏரி மண், வயல் மண் என்று மூன்று விதமாக எடுத்துப் பிசைந்து வில்லையாகத் தட்டி, ஈரத்திலேயே சரியாகப் பத்து சென்டிமீட்டர் கோடு கிழியுங்கள். நிழலில் காய்ந்த பிறகு அளங்கள். மண்பாண்டத் தொழிலாளி ஒருவரிடம் கேட்டுச் சூளையில் வைத்து வேகவைத்த பிறகும் அளங்கள். கோடு குறைந்திருக்கும், ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு அளவு குறைந்திருக்கும். பொம்மை செய்கிறவர் அச்சை ஏன் பெரிதாகவே வைக்கிறார் என்பது அப்போது விளங்கும். மண்ணைத் தொட்டு இவ்வளவும் தெரிந்தவனைக் கீழ்ச்சாதி என்றும், மண்ணையே தொடாதவனை மேல்சாதி என்றும் நமது நாட்டில் பிரித்து வைத்தார்களே, அதன் யோக்கியதையும் கூடவே விளங்கும்.

காக்கையும் விருந்தாளியும்

காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்கிறார்கள். "இது மூடநம்பிக்கை, நம்பாதே" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். காக்கை கரைந்தது, விருந்தாளி வந்தார் என்பது ஒன்று. காக்கை கரைந்தது, விருந்தாளி வரவில்லை என்பது இரண்டு. கரையவில்லை, வந்தார் என்பது மூன்று. கரையவில்லை, வரவில்லை என்பது நான்கு. முப்பது நாள் ஒவ்வொரு நாளும் உரிய கட்டத்தில் ஒரு கோடு போடட்டும். உதாரணமாக, முப்பது நாளில் நான்கு நாள் விருந்தாளி வந்தார் என்றும், அந்த நான்கு நாளும் காக்கை கரைந்தது என்றும் வைத்துக் கொள்ளுங்கள். பாட்டியார், "பார்த்தாயா, நான்கும் பலித்தது!" என்பார். ஆனால் இரண்டாவது கட்டத்தில் இருபத்து நான்கு கோடுகள் இருக்கின்றன என்றால் என்ன அர்த்தம்? காக்கை ஏறக்குறைய தினமும் கரைகிறது. விருந்தாளி எப்போதோ வருகிறார் என்பதுதான்.

தோழர்களே! ஜோசியம், சகுனம், பல்லி விழும் பலன், மந்திரித்த தாயத்து எல்லாம் பிழைப்பது இந்த முதல் கட்டத்தைக் கொண்டுதான். பலித்ததை ஊர் முழுவதும் சொல்லுகிறார்கள். பலிக்காததை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. மீதி மூன்று கட்டத்தையும் கேட்கப் பழகிய பிள்ளையை ஜோசியன் ஏமாற்ற முடியாது. போலி மருந்து விற்கிறவன் ஏமாற்ற முடியாது. ஓட்டுக் கேட்க வருகிறவனும் சுலபமாக ஏமாற்ற முடியாது. நம்மையும் அது அப்படியே கேட்கும், கேட்கட்டும்.

மழையும் பஞ்சாங்கமும்

மழையை அளக்க நேரான பக்கமுள்ள பாட்டில் ஒன்று போதும். மேல்பாகத்தை அறுத்துத் தலைகீழாகப் புனல் போல் வைத்து, திறந்த வெளியில் நிறுத்தி, தினமும் காலை எட்டரை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதட்டும். வானிலை நிலையத்தாரும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். நம் வீட்டுக் கூரையில் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் விழுந்து வீணாயிற்று என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

சித்திரை பிறந்ததும் பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, இந்த மாதத்தில் நல்ல மழை என்று போட்டிருப்பதை நோட்டில் முதலிலேயே எழுதிக் கொள்ளட்டும். வானிலை நிலையம் அவ்வப்போது சொல்லுவதையும் எழுதட்டும். வருஷ முடிவில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். வானிலைக்காரருக்கும் தவறும். ஆனால் எங்கே எவ்வளவு தவறிற்று என்று அவர்கள் கணக்கு வைத்து, அடுத்த தடவை திருத்தப் பார்க்கிறார்கள். எந்தப் பஞ்சாங்கமாவது "சென்ற வருஷம் நாங்கள் சொன்னது பொய்த்துவிட்டது" என்று அச்சடித்ததுண்டா?

இது மழையோடு நிற்கக்கூடாது. மாதம் ஒரு தடவை ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று பெரியவர் ஒருவர் துணையோடு கயிறு விட்டு அளந்து எழுத வேண்டும். இது நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பூமிக்கடியிலிருந்து தண்ணீர் இறைக்கப்படுகிற ஜில்லா. கரும்பும் நெல்லும் தண்ணீரை நம்பி நிற்கின்றன. பத்து வருஷத்துக் கிணற்றுக் கணக்கு ஒரு நோட்டில் இருக்குமானால், கிராம சபையிலோ அதிகாரியிடத்திலோ போய் "தண்ணீர் குறைந்துவிட்டது ஐயா" என்று கெஞ்ச வேண்டியதில்லை. "இத்தனை வருஷத்தில் இத்தனை அடி" என்று நிமிர்ந்து சொல்லலாம்.

புதிய காரியமல்ல

இதெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் "துளிர்" என்னும் சிறுவர் பத்திரிகையை 1987 முதல் நடத்துகிறார்கள். துளிர் இல்லங்கள் என்று சிறுவர் கூட்டங்களும் ஏற்படுத்தினார்கள். 1993 முதல் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்பது நடந்து வருகிறது. அதில் பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாங்களே ஆராய்ந்து சொல்லுகிறார்கள். 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாளில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிச் செல்பேசி வழியாக அனுப்பினால், அது உலகப் பொதுக் கணக்கில் சேருகிறது. திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரி இருக்கிறது. உங்கள் வெள்ளாறு இருக்கிறது. கரையில் நின்றால் போதும். "சீசன் வாட்ச்" என்னும் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து, தளிர் உண்டா, பூ உண்டா, காய் உண்டா என்று எழுதி அனுப்புகிறார்கள். கொன்றை எப்போது பூக்கிறது என்பதை இப்படிப் பல வருஷம் எழுதினால்தான், காலம் மாறுகிறதா என்று ஆராய்ச்சிக்காரரே சொல்ல முடியும்.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் சேருவதற்கு என்ன சாதி, என்ன மதம், அப்பன் யார் என்று யாரும் கேட்பதில்லை. எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, என்ன கண்டாய் என்று மாத்திரமே கேட்கிறார்கள். சேரிப் பிள்ளை எழுதி அனுப்பியதும் பெரிய பண்டிதர் எழுதி அனுப்பியதும் ஒரே வரிசையில் நிற்கின்றன. படிக்கவே கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள், உலகத்தின் அறிவுக்குத் தாங்களும் ஒரு பிடி சேர்க்கிறார்கள் என்றால், சுயமரியாதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

யார் யார் வரலாம்?

ஆகவே மிகவும் முக்கியமான ஒன்றைச் சொல்லுகிறோம். இந்தக் கழகம் ஊர்த் தெருப் பிள்ளைகளுக்கு மாத்திரமாக இருக்குமானால், இதை ஏற்படுத்தாமலிருப்பதே மேல். மழை தெருப் பார்த்துப் பெய்வதில்லை. ஆனால் மழைமானியை ஒரே தெருவில் வைத்தால் பாதி ஊரின் கணக்குத்தான் தெரியும். கிணற்றை அளப்பதானாலும், தகரக் கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் நடுப்பகலில் எவ்வளவு உஷ்ணம் என்று பார்ப்பதானாலும், காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயாக வேண்டும். அப்படிப் போகும்போது ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கட்டும். போகக்கூடாது என்று தடுக்கிற பெரியவர்கள் இங்கு இருந்தால், தங்கள் பிள்ளையின் கணக்கைத் தாங்களே பொய்யாக்குகிறார்கள் என்று உணர வேண்டும்.

பெண்களையும் அப்படியே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் "இனி வெளியில் போகாதே" என்று நிறுத்திவிடுகிறீர்கள். பையன் ஆற்றங்கரையில் கொக்கை எண்ணுகிறான்; அதே வயதுத் தங்கை அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறாள். தாய்மார்களே! உங்கள் பெண்ணைக் கழகத்துக்கு அனுப்புங்கள். கழகத்தாரும் கூட்டத்தைப் பகலில் வைத்து, பெரியவர்கள் துணைக்கு இருக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

நிற்க, "இதனால் பரீட்சையில் மார்க் வருமா?" என்று சிலர் கேட்பார்கள். கோணமும் விகிதமும் சதவீதமும் கையால் செய்து கற்ற பிள்ளைக்குப் புத்தகக் கணக்கு கஷ்டமாயிராது. "செலவுக்கு என்ன செய்வது?" என்பார்கள். ஒரு கோல், கயிறு, பழைய பாட்டில், ஒரு கட்டு நோட்டுப் புத்தகம். ஒரு நாள் கும்பாபிஷேகப் பந்தலுக்கு ஆகும் பூச்செலவில் பத்து வருஷம் நடத்தலாம்.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. நிழலைத்தான் பார்க்க வேண்டுமே தவிர சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது; கண் போய்விடும். 2031 மே 21-இல் தமிழ்நாட்டின் தென்பகுதியில் கங்கண சூரிய கிரகணம் தெரியும். அன்றைக்கு வீட்டைச் சாத்திக்கொண்டு கிடக்க வேண்டாம், சோறும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதற்கென்று செய்த கண்ணாடியின்றிப் பார்க்க வேண்டாம். ஆற்றுக்கும் கிணற்றுக்கும் பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது. பாம்பையோ கூட்டிலுள்ள குஞ்சையோ தொடக்கூடாது.

எல்லாவற்றையும்விட மேலான விதி ஒன்று. காணாததை எழுதக்கூடாது, கண்டதை மறைக்கக்கூடாது. பறவை ஒன்றும் வரவில்லையென்றால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். நாம் சொன்ன ஒன்றுக்கு மாறாகப் பிள்ளையின் கணக்கு வந்தால், மறுபடியும் அளந்து பார்க்கட்டும். அப்போதும் மாறாகவே வந்தால் நாம் சொன்னதைத் தள்ளிவிட்டுக் கணக்கை வைத்துக் கொள்ளட்டும்.

ஆகவே, தோழர்களே! வருகிற ஞாயிற்றுக்கிழமையே கோலை நடுங்கள். எல்லாத் தெருவிலிருந்தும் இரண்டிரண்டு பிள்ளைகள், ஒரு ஆண், ஒரு பெண் என்று சேர்த்துக் கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பிள்ளைகள் தாங்கள் கண்டதை ஊர்ப் பொதுவிடத்தில் பெரியவர்களுக்கு எதிரில் வாசிக்கட்டும். பெரியவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். ஒரு வருஷம் நடத்திய பிறகு அந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்க்க நாமும் வருகிறோம்.